நோயுற்ற உறுப்புக்குள் உலோகத் துகள்: கண்டுபிடித்துவிட்டால் அதுதான் நோய்க்குக் காரணமா?

அவருக்கு வயது 38. அதுவரை ஆரோக்கியமாக இருந்தவர். டர்பைன் பேரிங்கின் பாகங்கள் மீது நிக்கலை உருக்கித் தெளிக்கும் வேலையில் இருந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்துவிட்டார். 13-வது நாளில் உயிரிழந்தார்.

அவரது நுரையீரல் திசுவை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். உடலைக் காக்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே நிக்கல் துகள்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 25 நானோமீட்டருக்கும் குறைவான அளவு. சிறுநீரிலும் நிக்கல் மிக அதிகம். 2010-ல் மருத்துவ இதழில் வெளியான இந்த வழக்கில், மரணத்துக்குக் காரணம் எது என்பதில் பெரிய குழப்பம் இல்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து இன்னொரு செய்தி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மனித மூளைக்குள் காற்று மாசிலிருந்து வந்த காந்தத் துகள்கள், ஒரு கிராமுக்கு லட்சக்கணக்கில் இருப்பதாக பிரிட்டன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அப்போ அல்சைமர் நோய்க்கு அதுதான் காரணமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை உறுதியான பதில் இல்லை.

இரண்டு இடத்திலும் துகள் சிக்கியது. ஒன்றில் காரணம் தெளிவு, இன்னொன்றில் இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? விரிவாகப் பார்க்கலாம்.

நானோ துகள் என்றால் எவ்வளவு சின்னது?

ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். பொதுவாக 100 நானோமீட்டருக்குக் குறைவான துகளை நானோ துகள் என்கிறார்கள். காற்று மாசு செய்திகளில் அடிக்கடி கேட்கும் பிஎம் 2.5 என்பது 2,500 நானோமீட்டர் வரையிலான துகள்களைக் குறிக்கும். அதோடு ஒப்பிட்டால் 25 நானோமீட்டர் துகள் நூறில் ஒரு பங்கு அகலம்தான்.

இதில் 'கனிமத் துகள்கள்' என்று சொல்லப்படுபவை உலோகங்கள், உலோக ஆக்சைடுகள், சிலிக்கா, பீங்கான் போன்றவை. இரும்பு, நிக்கல், கோபால்ட், டைட்டானியம் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். உணவை உடைப்பதுபோல உடல் இவற்றை உடைத்துவிட முடியாது. சில மெல்ல மெல்லக் கரையும். கரையாதவற்றை மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்ளும். விழுங்கியதைச் செரிக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது என்ற நிலை வந்தால் அந்த இடத்தில் அழற்சி தொடங்கலாம்.

சரி, உள்ளே எப்படிப் போகுது?

முக்கியமான வழிகள் நான்கு. மூக்கின் உச்சியில் இருக்கும் வாசனை நரம்பு வழியாக மூளைக்கு, நுரையீரல் வழியாக ரத்தத்துக்கு, குடல் வழியாக கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும். நான்காவது, உடலுக்குள் பொருத்தும் செயற்கை மூட்டு, செயற்கைப் பல் போன்றவை தேய்ந்து உதிர்வது.

நுரையீரலில் இருந்து ரத்தத்துக்குப் போகும் என்பது வெறும் ஊகம் இல்லை. 2017-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மனிதர்களிடமே சோதித்தார்கள். ஆரோக்கியமான 14 தன்னார்வலர்கள் தங்க நானோ துகள்களைச் சுவாசித்தார்கள். ஏன் தங்கம்? உடலில் இயல்பாகத் தங்கம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் ரத்தத்தில் தங்கம் தெரிந்தால் அது சுவாசித்ததுதான் என்று சொல்லிவிடலாம். தவிர, தங்கம் உடலோடு எளிதில் வினைபுரியாது.

24 மணி நேரத்துக்குள் பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் தங்கம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்தும் ரத்தத்திலும் சிறுநீரிலும் அது இருந்தது. கழுத்து ரத்தக்குழாய் அடைப்புக்காக அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த சில நோயாளிகளும் இதே துகள்களைச் சுவாசித்தார்கள். பிறகு அகற்றப்பட்ட கொழுப்புப் படிவத்துக்குள் தங்கம் இருந்தது. அதாவது, ஏற்கெனவே நோய் இருக்கும் இடத்துக்கும் துகள் போய்ச் சேர்கிறது. இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

சாதாரண மைக்ரோஸ்கோப்பால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ள பொருளைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாது. ஒளியின் இயல்பே அப்படி. அதனால் மருத்துவமனையில் வழக்கமாகச் செய்யும் பயாப்ஸி பரிசோதனையில் நானோ துகள் தனித்தனியாகத் தெரியாது. அதற்கு வேறு கருவிகள் வேண்டும்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்: ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்துகிறது. எடை அதிகமான தனிமங்கள் எலக்ட்ரானைத் திருப்பி அடிக்கும். அதனால் மென்மையான திசுவின் இருண்ட பின்னணியில் உலோகத் துகள் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும்.

எக்ஸ்-ரே கைரேகை: எலக்ட்ரான் கற்றை துகளின் மீது படும்போது அதிலிருந்து எக்ஸ்-ரே வெளிவரும். இரும்புக்கு ஒரு மாதிரி, டைட்டானியத்துக்கு வேறு மாதிரி. இதை வைத்து துகளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று சொல்ல முடியும்.

பிளாஸ்மா கருவி: திசுவைக் கரைத்து, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள பிளாஸ்மாவுக்குள் தெளித்து, எந்தத் தனிமம் எத்தனை இருக்கிறது என்று அளப்பார்கள். மிகத் துல்லியமான அளவு கிடைக்கும். ஆனால் துகள் எந்த செல்லுக்குள் இருந்தது என்ற தகவல் கரைக்கும்போதே போய்விடும்.

காந்த அளவீடு: திசுவைக் காந்தப்புலத்தில் வைத்து எடுத்த பிறகு எவ்வளவு காந்தத்தன்மை மிஞ்சுகிறது என்று பார்ப்பது. இரும்பு ஆக்சைடான மேக்னடைட் துகள்களுக்கு இது பயன்படும். 'ஒரு கிராமில் இத்தனை லட்சம்' என்று செய்தியில் வருகிறதே, அதை யாரும் உட்கார்ந்து எண்ணியதில்லை. மொத்த காந்தத்தன்மையை அளந்து, ஒரு துகளின் அளவு இவ்வளவு என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது.

ஆய்வகமே ஏமாற்றும் இடங்கள்

இந்தத் துறையில் முதல் எதிரி சுத்தமின்மை. அறுவை சிகிச்சைக் கத்தி எஃகு. அதில் இரும்பும் குரோமியமும் உண்டு. வெட்டும்போது ஒரு துளி உதிர்ந்தாலும் அது 'திசுவில் கிடைத்த உலோகம்' ஆகிவிடும். திசுவைப் பாதுகாக்கும் ஃபார்மலின், கண்ணாடிக் குடுவை, அறையின் தூசி என எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் செல்லின் உருவம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆஸ்மியம், யுரேனியம், ஈயம் கலந்த சாயங்களைத்தான் வழக்கமாக ஏற்றுவார்கள். திசுவைத் தாங்கும் வலை பெரும்பாலும் தாமிரத்தால் ஆனது. இதைக் கணக்கில் எடுக்காமல் 'ஈயமும் தாமிரமும் கிடைத்தன' என்று எழுதினால், சொந்தக் கைரேகையைப் பார்த்து திருடன் என்று சொன்ன கதையாகிவிடும்.

அதோடு, உடலுக்கே சொந்தமான நானோ துகளும் உண்டு. உடல் இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டின் புரதத்தின் உள்ளே சுமார் 8 நானோமீட்டர் வரை இரும்புக் கரு இருக்கிறது. மூளை, கல்லீரல், மண்ணீரலில் இது சாதாரணம். 'இரும்பு நானோ துகள் கிடைத்தது' என்பது மட்டுமே எதையும் நிரூபிக்காது.

அதனால்தான் நல்ல ஆய்வுகளில் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கருவிகளால் திசுவை வெட்டுவார்கள். திசுவே இல்லாத வெற்று மாதிரி ஒன்றையும் அதே கருவி, அதே திரவம், அதே படிகள் வழியாக அனுப்புவார்கள். அந்த வெற்று மாதிரியிலும் துகள் தெரிந்தால், அது ஆய்வகத்திலிருந்து வந்தது என்று அர்த்தம்.

மூளைக்குள் காந்தம்: மெக்சிகோ முதல் மான்செஸ்டர் வரை

மனித மூளையில் மேக்னடைட் இருப்பது 1992-லேயே தெரியும். அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் கிர்ஷ்விங்கின் குழு அதைக் கண்டுபிடித்தது. அந்தப் படிகங்கள் நல்ல கோணங்களோடு ஒழுங்கான வடிவத்தில் இருந்தன. உடலே அவற்றை உருவாக்கியிருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு.

2016-ல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பார்பரா மேஹர் தலைமையிலான குழு 37 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்தது. 29 பேர் மெக்சிகோ சிட்டியில் வாழ்ந்து இறந்தவர்கள், வயது 3 முதல் 85 வரை. மற்ற 8 பேர் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த முதியவர்கள். அவர்களில் சிலருக்கு மூளை நரம்புகள் சிதையும் நோய் இருந்தது.

இந்த முறை பெரும்பாலான துகள்கள் வேறு மாதிரி இருந்தன. கோணம் இல்லை, உருண்டையாக, வழவழப்பாக இருந்தன. உருகிய உலோகச் சொட்டு காற்றில் ஆறினால் இப்படித்தான் உருண்டையாகும். வாகன இன்ஜின், பிரேக் உராய்வு, தொழிற்சாலைப் புகை ஆகியவற்றிலிருந்து வரும் துகள்களும் இதே வடிவம்தான். கூடவே பிளாட்டினம், நிக்கல், கோபால்ட் துகள்களும் இருந்தன. மூளை பிளாட்டினத்தைத் தயாரிக்காது. ஆனால் காரின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் பிளாட்டினம் உண்டு. ஆக, துகள் வெளியிலிருந்து வந்தது என்பதற்கு இது வலுவான ஆதாரம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2018-ல் ஜெர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள், 1990-களில் இறந்த ஏழு பேரின் மூளையை நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து காந்தத்தன்மையை அளந்தார்கள். மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும்தான் காந்தத்தன்மை அதிகம். இந்தப் பரவல் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறவும் இல்லை. மாசு மூக்கு வழியாக வந்து சேர்ந்தது என்றால், வாசனை நரம்பை ஒட்டிய பகுதியில் அல்லவா அதிகம் இருக்க வேண்டும்? எனவே மேக்னடைட்டில் ஒரு பங்கை உடலே குறிப்பிட்ட இடங்களில் உருவாக்குகிறது என்ற வாதம் மறுபடியும் எழுந்தது.

இரண்டு ஆய்வும் பொய் இல்லை. இரண்டு வகைத் துகளும் ஒரே மூளையில் இருக்க முடியும். எது எவ்வளவு, எது கெடுதல் செய்கிறது என்பதில்தான் சிக்கல்.

துகள் முதலில் வந்ததா, நோய் முதலில் வந்ததா?

எடின்பரோ சோதனையை இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நோயால் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட ரத்தக்குழாயில் தங்கத் துகள் போய்ச் சேர்ந்தது. அந்த நோயைத் தங்கம் உண்டாக்கவில்லை. இன்னொருவர் வந்து அந்தக் கொழுப்புப் படிவத்தை மட்டும் பார்த்தால், 'அடைப்புக்குள் தங்கம், அப்போ தங்கத்தால்தான் அடைப்பு' என்று தவறாக முடிவு செய்துவிடலாம்.

குடல் நோயிலும் இதே சிக்கல். 2017-ல் ஸூரிக் ஆய்வாளர்கள், குடல் புண் அழற்சி நோய் தீவிரமாக இருந்தவர்களின் ரத்தத்தில் டைட்டானியம் அதிகம் இருப்பதைக் கண்டார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு என்பது மிட்டாய், சூயிங்கம், மாத்திரை மேல்பூச்சு ஆகியவற்றுக்கு வெள்ளை நிறம் தருவது. எலிகளில் அது அழற்சியை அதிகமாக்கியது. ஆனால் மனிதர்களில், புண்ணான குடல் சுவர் ஓட்டையாகி அதன் வழியே அதிக டைட்டானியம் ரத்தத்துக்குள் நுழைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. காரணமும் விளைவும் இடம் மாறிக்கொள்ளும் இடம் இது.

நோய் இல்லாத திசுவில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். நெதர்லாந்தில் இறந்த 15 பேரின் கல்லீரலையும் மண்ணீரலையும் ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்விலும் டைட்டானியம் துகள்கள் இருந்தன. எண்ணிக்கையில் குறைந்தது 24 சதவீதம் நானோ அளவில் இருந்தன. பொதுவாக எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது என்றால், ஒரு நோயாளியின் திசுவில் மட்டும் பார்த்துவிட்டுப் பழி போட முடியாது.

வேலை இடத்து நோய்களில் இந்தக் குழப்பம் தொழிலாளிகளின் வாழ்க்கையையே தொடுகிறது. 2009-ல் சீனாவிலிருந்து வந்த மருத்துவ அறிக்கை ஓர் உதாரணம். பாலிஅக்ரிலேட் பூச்சைத் தெளிக்கும் தொழிற்கூடத்தில் வேலை செய்த ஏழு பெண்களுக்கு நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். நுரையீரல் செல்களிலும் மார்பில் தேங்கிய நீரிலும் சுமார் 30 நானோமீட்டர் துகள்கள் இருந்தன. ஆனால் அந்த அறையில் காற்றோட்ட வசதி பழுதாகிக் கிடந்தது, ரசாயன ஆவியும் நிறைந்திருந்தது. அவர்கள் சுவாசித்த காற்றில் துகள் எவ்வளவு என்று யாரும் அளந்து வைக்கவில்லை. துகளா, ஆவியா, இரண்டும் சேர்ந்தா என்ற விவாதத்தை உடற்கூறு ஆய்வால் மட்டும் தீர்க்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோது காற்றை அளந்திருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

அப்போ எப்போதான் நிரூபிக்க முடியும்?

முடியும். ஏற்கெனவே நிரூபித்தும் இருக்கிறார்கள்.

பழைய உதாரணம் ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலில் சிக்கிய இழையைச் சுற்றி உடல் இரும்புப் பூச்சு பூசும். இதை 'ஆஸ்பெஸ்டாஸ் பாடி' என்பார்கள். 1997-ல் ஹெல்சிங்கியில் கூடிய நிபுணர்கள் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். உலர்ந்த நுரையீரல் திசு ஒரு கிராமில் இவை 1,000-க்கு மேல் இருந்தால், அவர் வேலை இடத்தில் ஆஸ்பெஸ்டாஸைச் சுவாசித்திருக்க மிக அதிக வாய்ப்பு உண்டு என்று கொள்ளலாம். இப்படி ஓர் எண் இருப்பதால்தான் தொழிலாளியின் இழப்பீட்டு வழக்கில் திசு சாட்சி சொல்ல முடிகிறது. நானோ துகளுக்கு இப்படி எல்லோரும் ஏற்ற எண் எதுவும் இன்னும் இல்லை.

இன்னொன்று செயற்கைப் பல். 2001-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான வழக்கில், கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் கட்டி போன்ற அழற்சி இருந்த நோயாளிக்கு பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமும், தேய்ந்துபோன பீங்கான் பற்களும் இருந்தன. இத்தாலியின் மோடெனாவைச் சேர்ந்த அந்தோனியெட்டா கட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள், அழற்சிக்குள் இருந்த துகளின் தனிமங்களும் பல் பீங்கானின் தனிமங்களும் ஒத்துப்போவதைக் காட்டினார்கள். துகளுக்கு ஒரு 'சொந்த ஊர்' கிடைத்துவிட்டதால் இங்கே வாதம் வலுவானது.

இந்தியர்களுக்கு நெருக்கமான உதாரணம் செயற்கை இடுப்பு மூட்டு. உலோகத்தோடு உலோகம் உரசும் வகை மூட்டுகளில் இருந்து கோபால்ட்-குரோமியம் நானோ துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள திசுவைச் சிதைத்தன. டிப்யூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் மூட்டுகளை 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் இவை பொருத்தப்பட்டிருந்தன. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2018-ல் வெளியானது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அடிப்படை இழப்பீடாக 20 லட்சம் ரூபாய் பரிந்துரைக்கப்பட்டது.

இங்கே ஏன் சந்தேகம் எழவில்லை? துகள் எங்கிருந்து வந்தது என்று தெரியும். மூட்டின் உலோகமும் துகளும் ஒன்று. ரத்தத்தில் கோபால்ட் அளவை அளக்க முடிந்தது. மூட்டைச் சுற்றித்தான் சேதம். நான்கு கண்ணியும் சேர்ந்ததால் சங்கிலி முழுமையானது. முதலில் பார்த்த நிக்கல் தொழிலாளியின் கதையும் இப்படித்தான். மூளை விஷயத்தில் துகள் மட்டும் கையில் இருக்கிறது. மீதிக் கண்ணிகள் இன்னும் முழுசாகக் கோர்க்கப்படவில்லை.

நிரூபணம் வரும்வரை சும்மா இருக்கணுமா?

வேண்டியதில்லை. 'நிரூபிக்கப்படவில்லை' என்பதற்கு 'பாதுகாப்பானது' என்று அர்த்தம் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் இதைத்தான் செய்தது. டைட்டானியம் டை ஆக்சைடு மரபணுவைப் பாதிக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, எனவே உணவில் அது பாதுகாப்பானது என்று இனி கருத முடியாது என்றது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடை செய்தது. அமெரிக்காவில் உணவின் எடையில் 1 சதவீதம் வரை இன்னும் அனுமதி உண்டு. ஒரே ஆதாரங்களை வைத்து இரண்டு முடிவுகள்.

காற்றிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. மாசை நாம் எடையால் அளக்கிறோம். இந்தியாவில் பிஎம் 2.5-க்கு ஆண்டு சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது 5. ஆனால் நானோ துகளுக்கு எடை ஏறக்குறைய இல்லை. கோடிக்கணக்கில் இருந்தாலும் தராசு அசையாது. அதனால் எண்ணிக்கையால் அளக்கச் சொல்கிறது அதே நிறுவனம்: 24 மணி நேர சராசரியில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1,000-க்குக் கீழ் என்றால் குறைவு, 10,000-க்கு மேல் என்றால் அதிகம். இது வழிகாட்டுதல் மட்டுமே. இந்தியாவின் தேசிய காற்றுத் தர வரம்புகளில் துகள்களின் எண்ணிக்கைக்கு என்று தனி வரம்பு இல்லை.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது

'உங்கள் உடலில் நச்சு உலோகம் இருக்கிறது, நாங்கள் நீக்கித் தருகிறோம்' என்று விளம்பரங்கள் வருகின்றன. உறுப்புக்குள் நானோ துகள் இருக்கிறதா என்று பார்க்க திசு மாதிரியே வேண்டும். முடியை வெட்டிக் கொடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. உலோகத்தை நீக்கும் 'கீலேஷன்' மருந்து, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஈயம் போன்ற உலோகங்களைப் பிடித்து வெளியேற்றத்தான். செல்லுக்குள் கரையாமல் கிடக்கும் திடத் துகளை அது வாரிக்கொண்டு வராது. தேவையில்லாமல் எடுத்தால் உடலுக்கு வேண்டிய கால்சியம், துத்தநாகம் போன்றவையும் சேர்ந்து போகும்.

வெல்டிங், உலோகத் தெளிப்பு, கல் உடைப்பு, அரைவை வேலைகளில் இருப்பவர்கள் மருத்துவரிடம் போகும்போது இருமலை மட்டும் சொல்லாமல், என்ன வேலை, எத்தனை வருஷம், எந்தப் பொருள், முகக்கவசம் இருந்ததா என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். உலோக மூட்டு பொருத்தியவர்கள் அதன் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பின்னால் துகளின் 'சொந்த ஊரை'க் கண்டுபிடிக்க இந்தத் தகவல்கள்தான் கைகொடுக்கும்.

அடுத்த முறை 'மனித உறுப்பில் நானோ துகள்கள் கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால், இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

- வெற்று மாதிரியையும் சோதித்தார்களா?
- நோய் இல்லாதவர்களின் திசுவோடு ஒப்பிட்டார்களா?
- துகள் எங்கிருந்து வந்தது என்று காட்டினார்களா?
- துகள் அதிகமானால் நோயும் அதிகமாகிறதா?

நான்குக்கும் 'ஆமாம்' என்றால் காரணம் கிட்டத்தட்ட கையில் சிக்கிவிட்டது. ஒன்றுக்கு மட்டும் 'ஆமாம்' என்றால் தேடல் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.